‘வாட்ச்மென்’ பார்த்த திருத்தணி ரயில் தோழர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

காலையில் திருத்தணியில் ஏறி, அரக்கோணம், திருவாலங்காடு, கடம்பத்தூர், திருவள்ளூர் என்று நின்று நின்று சென்னைக்குப் போய்ச் சேரும் மின்சார ரயிலில் சினிமா பேசிக்கொண்டே வருகிறவர்கள் நீங்கள். எதிர் இருக்கையில் கேட்டுக்கொண்டே வருகிறவர்களில் நானும் ஒருவன். உங்கள் பேச்சு எனக்குப் பிடிக்கும். ஒரு படத்துக்காக அவ்வளவு சூடாக வாதாடுகிற பிள்ளைகள் இருக்கும் வரை சினிமாவுக்கும் கதைக்கும் கவலை இல்லை. ஆனால் அண்மையில் ‘வாட்ச்மென்’ பற்றிப் பேசும்போது உங்களில் ஒருவர், “படத்தையே பார்த்தாச்சு, இனிமே புக் எதுக்கு? ஒவ்வொரு ஷாட்டும் புக்ல இருக்கறது அப்படியேதான்” என்று சொன்னார், மற்றவர்களும் தலையாட்டினீர்கள். நிற்க இடமில்லாத பெட்டியில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஷாட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டிய ‘வாட்ச்மென்’ 1986, 1987 ஆண்டுகளில் 12 இதழ்களாக டிசி நிறுவனத்திடமிருந்து வந்தது. பிறகு ஒரே நூலாயிற்று. ஹ்யூகோ விருது பெற்றது. ‘டைம்’ இதழ் 2005-இல் வெளியிட்ட சிறந்த நூறு ஆங்கில நாவல்களின் பட்டியலில் இடம்பிடித்த கிராபிக் நாவல் இது ஒன்றுதான். டெர்ரி கில்லியம் இதைப் படமாக்க முயன்று, ஒரு சினிமாவின் நீளத்துக்குள் இது அடங்காது என்று விட்டுவிட்டார். ஜாக் ஸ்னைடர் விடவில்லை. 2009 மார்ச்சில் அவர் படம் வெளியானது. ரத்தத்துளி தெறித்த மஞ்சள் சிரிப்பு பேட்ஜ், மழையில் நடக்கும் அடக்கம், செவ்வாய் கிரகத்து மணலிலிருந்து எழும் கண்ணாடி மாளிகை என்று கிப்பன்ஸ் வரைந்த கட்டங்களை அவர் எவ்வளவு பக்தியோடு திரைக்குக் கொண்டுவந்தார் என்பதைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் தெரியும். ஆனாலும் டைட்டிலில் கிப்பன்ஸ் பெயர்தான் வரும். தன் பெயரைப் போடக் கூடாது என்று மூர் சொல்லிவிட்டார்.

படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தொடக்கத்தில் பாப் டிலன் பாட்டுக்கு நடுவே, 1940-களில் தொடங்கும் முகமூடி வரலாற்றை அசையும் புகைப்படங்களாகக் காட்டும் அந்தச் சில நிமிடங்கள் நான் பார்த்த மிகச் சிறந்த டைட்டில் காட்சிகளில் ஒன்று. ஜாக்கி ஏர்ல் ஹேலியின் கரகரத்த குரல் இல்லாமல் இனி முகமூடி நாயகன் ரோர்ஷாக்கை வாசிக்கவே எனக்கு முடிவதில்லை. அளவில்லாத சக்தி படைத்த டாக்டர் மன்ஹாட்டனுக்கு பில்லி க்ரூடப் கொடுத்த அந்த மெல்லிய, எங்கோ தொலைவிலிருந்து வருகிற பேச்சும் அப்படித்தான். உழைத்து எடுத்த படம். என் வழக்கு வேறு. கட்டங்களை அப்படியே எடுத்தவர், அந்தக் கட்டங்கள் எதற்காக அப்படி வரையப்பட்டன என்பதை விட்டுவிட்டார்.

கிப்பன்ஸின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம், ஆக ஒன்பது. தேவைப்படும்போது இரண்டு மூன்றைச் சேர்த்து ஒன்றாக்குவார். ஆனால் கண்ணுக்குப் பின்னால் அந்த ஒன்பது எப்போதும் இருக்கும். முகத்தில் விழும் குத்துக்கு எவ்வளவு இடமோ, ரோர்ஷாக் நண்பன் வீட்டு அடுக்களையில் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளும் சர்க்கரைக் கட்டிக்கும் அவ்வளவே இடம். உலகத்தைக் காப்பாற்றக் கூடியவன் பேசும் கட்டமும், தெருமுனையில் பேப்பர் விற்கிறவன் புலம்பும் கட்டமும் ஒரே அளவு. அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் நாயகன் வந்து குதித்தால் முழுப் பக்கத்தையும் அவனுக்கே கொடுப்பார்கள். நம் படங்களின் இன்ட்ரோ சீனுக்கு அண்ணன் முறை அது. கிப்பன்ஸ் யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை. இவன் பெரியவன், இவன் சின்னவன் என்று கண்ணுக்கு எடுத்துச் சொல்லாத ஒரு பக்க அமைப்பை வேண்டுமென்றே பிடித்துக்கொண்டார்.

ஸ்னைடரிடம் இருப்பது ஸ்லோ மோஷன். ஸ்லோ மோஷன் என்பது ஒரு தீர்ப்பு. எதை நிதானமாகப் பார்க்க வேண்டும், எதைக் கடந்து போகலாம் என்று நமக்குப் பதிலாக அதுவே முடிவெடுத்துவிடுகிறது. படம் நெடுக நிதானமாகக் காட்டப்படுவது முஷ்டியும் முழங்கையும் உடையும் எலும்பும்தான். ஓய்வுபெற்ற முகமூடி நாயகர்களான டேனும் லோரியும் சந்தில் ஒரு ரவுடிக் கூட்டத்திடம் மாட்டிக்கொள்ளும் காட்சியை நீங்கள் ரயிலில் கையாலேயே நடித்துக் காட்டினீர்கள், நினைவிருக்கிறதா? எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வருவதும், கத்தி கழுத்தில் இறங்குவதும் படம் சேர்த்தவை. புத்தகத்தின் 3-ஆம் அத்தியாயத்தில் அது, ஓய்வுபெற்ற இரண்டு பேர் மாட்டிக்கொண்டு அடித்துத் தப்பிக்கும் சண்டை, அவ்வளவுதான். கட்டம் விட்டுக் கட்டம் டிவி நிலையத்துக்குப் போய்விடுகிறது. அங்கே, உன்னோடு பழகியவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வந்திருக்கிறதே என்று மன்ஹாட்டனை ஒரு நிருபர் மடக்கிக்கொண்டிருக்கிறார். சந்தில் விழும் அடிக்கு அங்கே கேட்கும் கேள்வி பக்கவாட்டில் பதில் சொல்கிறது. சண்டை முடிந்ததும் இருவருக்கும் மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. டேனுக்குத் தொப்பை இருக்கிறது என்பதைக் கிப்பன்ஸ் எந்தக் கட்டத்திலும் மறைப்பதில்லை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் 6-ஆம் அத்தியாயத்தில். கடத்தப்பட்ட ஆறு வயதுப் பெண் குழந்தையைத் தேடிப் போகும் ரோர்ஷாக், அவள் கொல்லப்பட்டு நாய்களுக்குப் போடப்பட்டதை அறிகிறான். படத்தில் என்ன நடக்கிறது? கொலைகாரனின் மண்டையிலேயே வெட்டுக்கத்தியை இறக்குகிறான், திரும்பத் திரும்ப. தியேட்டராக இருந்தால் விசில் பறந்திருக்கும். புத்தகத்தில் அவன் அந்த ஆளை விலங்கால் பூட்டுகிறான், பக்கத்தில் ஒரு ரம்பத்தை வைக்கிறான், எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துவிட்டு வெளியே போய் நின்று கட்டடம் எரிவதைப் பார்க்கிறான். நெடுநேரம் பார்க்கிறான். யாரும் வெளியே வரவில்லை. கோபம் தீரும் அடி ஒன்றுகூட அதில் கிடையாது. அதை அவன் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பவர் சிறை மனநல மருத்துவர் மால்கம் லாங். நல்ல மனிதர், இந்தக் கைதியைக் குணப்படுத்திவிடலாம் என்று உற்சாகமாக வருகிறவர். அத்தியாயம் உண்மையில் அவருடையது. ஒவ்வொரு நாளும் ஃபைலை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், தூக்கம் கெட்டு, மனைவியோடு பேச்சுக் குறைந்து, கடைசியில் மைக்கறையைப் பார்த்தால் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாத நிலைக்கு வருகிறார். ஒரு வன்முறையைக் கேட்பதே ஒரு மனிதனை எப்படித் தின்னும் என்பதற்கு ஓர் அத்தியாயம் முழுக்க ஒதுக்கியிருக்கிறார் மூர். படத்தில் லாங் வந்து போகும் நேரம் சில நிமிடம்.

உங்களில் ஒருவருடைய வாட்ஸ்அப் படமே ரோர்ஷாக்தான் என்று தெரியும். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவனைப் படைத்தவர் அவனை ஓர் எச்சரிக்கையாகத்தான் எழுதினார். அவனைப் போலவே தானும் என்று பெருமையோடு வந்து சொல்லும் வாசகர்களைப் பார்த்துத் தான் மிரண்டுபோனதைப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். சட்டத்துக்கு வெளியே நின்று ஒருவன் தீர்ப்பு எழுதினால் நமக்குக் கை தானாகத் தட்டுகிறது. நம் படங்களில் என்கவுன்டர் காட்சிக்கு எத்தனை வருடமாகத் தட்டியிருக்கிறோம்! ஞானவேலின் ‘வேட்டையன்’ 2024-இல் அந்தக் கைதட்டலையே குறுக்கு விசாரணை செய்யப் பார்த்தது. அதே படத்தில் ரஜினிக்கு மாஸ் காட்சிகளும் தேவைப்பட்டன. ஸ்னைடர் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான் என்று நினைக்கிறேன். வன்முறையைக் கேள்வி கேட்க வந்த கதையை, வன்முறை அழகாகத் தெரியும் கேமராவால் எடுத்தார்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன’ என்று யாராவது சொன்னால் சிவகாசியைக் காட்டுங்கள். 1972-இல் அங்கே முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. அதன் ஆங்கில மூலம் ‘ஸ்டீல் க்ளா’ 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கியது. எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் லூயி கிராண்டெல், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரிய நடமாடுவான். அந்த சக்தி கிடைத்ததும் மூலக்கதையில் அவன் முதலில் போனது குற்றத்தின் பக்கம். உளவாளியாகி நல்லவனானது பிறகு. 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த ஸ்பைடரும் குற்ற உலகுக்கே ராஜாவாக வேண்டும் என்று கிளம்பியவன்தான். கையில் அளவில்லாத பலம் கிடைத்தால் மனிதன் என்ன ஆவான் என்ற கேள்வியைப் பெட்டிக்கடையில் தொங்கிய காமிக்ஸிலேயே நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் சந்தித்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் தெரியுமா? மூர் பிறந்தது 1953-இல். மாயாவியின் மூலமான ‘ஸ்டீல் க்ளா’ வெளிவந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். 2005-இல் ‘ஆல்பியன்’ என்ற தொடருக்கு அவர் கதைக்கரு கொடுத்தார்; மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள்; அட்டைப்படம் வரைந்தவர் நம் கிப்பன்ஸ். அதில் வருகிறவர்கள் யார்? அதே கிராண்டெல், அதே ஸ்பைடர், சட்டித்தலை ரோபோ ஆர்ச்சி. ‘வாட்ச்மென்’ செய்த இரண்டு பேருக்கும் நம் சிவகாசி வாசகர்களுக்கும் பால்ய நண்பர்கள் இவர்களேதான். அதனால்தான் இந்தப் புத்தகத்தை அந்நியமாகப் பார்க்காதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நம் ஊரையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கந்த சஷ்டி என்றால் திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்க ஜனசமுத்திரம் கூடுகிறது. நம் மலையில் சூரசம்ஹாரம் கிடையாது. முருகன் போர் முடித்து, கோபம் ஆறி, வள்ளியை மணந்து அமர்ந்த தலம் இது என்பதால் அன்றைக்கு இங்கே கூடை கூடையாகப் பூவைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்கிறோம். சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் யோசிப்பதில்லை. வெற்றியைக் கொண்டாடாமல், வெற்றிக்குப் பின்னால் வருவதைக் கொண்டாடும் ஊரில் வளர்ந்தவர்கள் நீங்கள். ‘வாட்ச்மென்’ புத்தகமும் போர் முடிந்தபின் தொடங்கும் கதை. முகமூடிகளைச் சட்டம் போட்டுத் தடை செய்து வருடங்களாகிவிட்டன, வயதும் ஏறிவிட்டது, இனி இந்த ஆட்கள் என்ன செய்வார்கள், அவர்கள் செய்ததெல்லாம் யாருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் பேச்சு. திருத்தணிக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்று நம்புகிறேன்.

புராணத்தைப் படமாக்குவதும் எளிதில்லை. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் ஆறு காண்டம். ஏ.பி. நாகராஜன் 1967-இல் ‘கந்தன் கருணை’ எடுத்தபோது எவ்வளவோ விட வேண்டியிருந்தது. முருகன் சிவகுமார், ஆனால் சிவாஜி வீரபாகு என்பதால் வீரபாகுவுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. அதில் பிழையொன்றும் இல்லை, புராணத்திலும் வீரபாகு பெரிய ஆள்தான். எதை விட்டார்கள் என்பதோடு, மிச்சமான இடத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்றும் கேட்டால்தான் ஒரு தழுவலின் மனசு தெரியும்.

அந்தக் கேள்வியோடு ‘வாட்ச்மென்’ முடிவுக்கு வருகிறேன். இணையத்தில் எல்லோரும் சண்டை போடுவது அந்த ராட்சத ஜந்துவைப் பற்றி. புத்தகத்தில், அணு ஆயுதப் போரைத் தடுப்பதற்காக பழைய முகமூடி நாயகன் ஏட்ரியன் வெய்ட் செயற்கையாக உருவாக்கிய ஒரு வேற்றுக்கிரக ஜந்துவை நியூயார்க் நடுவே தோன்றச் செய்கிறான். பல லட்சம் பேர் சாகிறார்கள். பொது எதிரி வந்துவிட்டான் என்று அமெரிக்காவும் ரஷ்யாவும் கை கோக்கின்றன. படத்தில் ஜந்து இல்லை. பல நாட்டு நகரங்களில் வெடிப்பு, பழி மன்ஹாட்டன் மேல். இந்த மாற்றத்தை நான் ஆதரிக்கிறேன். கதைக்குள் ஏற்கெனவே இருக்கிற ஆள்மேல் பழி விழுவதால் பின்னல் இறுகுகிறது. அவன் ஏன் பூமியை விட்டுப் போகிறான் என்பதற்கும் கூடுதல் காரணம் கிடைக்கிறது. ஜந்து போனதற்காக அழுகிறவர்களோடு நான் இல்லை.

நான் அழுவது அந்தத் தெருமுனைக்காக.

நியூயார்க்கில் இரண்டு சாலைகள் சந்திக்கும் ஒரு முனை. ஒரு பேப்பர் ஸ்டால். ஸ்டால்காரர் பெர்னார்ட் எந்நேரமும் உலக அரசியல் பேசுகிறவர். நம் ஸ்டேஷன் ரோட்டிலும் அப்படி ஒருவர் இல்லாமலா? ஸ்டாலில் சாய்ந்து உட்கார்ந்து, காசு கொடுக்காமல் கடற்கொள்ளையர் காமிக்ஸ் படிக்கும் பையன் ஒருவன். எதிரே யானை பொம்மையை விளம்பரமாக வைத்த ‘கங்கா டைனர்’ என்ற இந்தியச் சாப்பாட்டுக் கடை. டாக்சி ஓட்டும் ஒரு பெண், அவளைவிட்டுப் பிரிய நினைக்கும் அவளுடைய காதலி. ரோந்து வரும் துப்பறிவாளர்கள். புத்தகம் நெடுக, நாயகர்களின் கதை எங்கெங்கோ போனாலும் திரும்பத் திரும்ப இந்த முனைக்கு வருகிறது. கவனமில்லாமல் படித்தால் இவர்கள் பின்னணிதான்.

11-ஆம் அத்தியாயத்தில் வெய்ட் தன் திட்டத்தை அன்டார்டிகாவில் விளக்கிக்கொண்டிருக்கும்போது, இந்த முனையில் டாக்சிக்காரி தன் காதலியை அடிக்க ஆரம்பிக்கிறாள். மால்கம் லாங்கும் அப்போது அங்கே இருக்கிறார். அவர் மனைவி சமாதானம் பேச வந்திருக்கிறாள். இன்னொருவர் துன்பத்தில் மறுபடியும் தலையிட்டால் உன்னோடு வாழ முடியாது என்கிறாள். அவர் அடி வாங்குகிறவளைக் காட்டி, இதைப் பார்த்துவிட்டு என்னால் போக முடியாது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுத் தடுக்கப் போகிறார். மற்றவர்களும் ஓடி வருகிறார்கள். ஸ்டால்காரருக்கும் பையனுக்கும் தங்கள் இருவர் பெயரும் பெர்னார்ட்தான் என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. வெளிச்சம் வருகிறது. பெரியவர் சின்னவனை அணைத்துக்கொள்கிறார். உலகத்தையே காப்பாற்றுவதாகச் சொன்ன மகா புத்திசாலி லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற அந்த நொடியில், முகமூடியோ சக்தியோ இல்லாத நாலு பேர் ஒரு தெருச்சண்டையை விலக்கிவிட ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தைத் திருப்பி 12-ஆம் அத்தியாயத்துக்குப் போனால், இவ்வளவு நேரம் யாருக்கும் கொடுக்காத முழுப் பக்கத்தைக் கிப்பன்ஸ் கொடுக்கிறார். ஒன்றல்ல, வரிசையாக ஆறு. ஆறும் அந்தத் தெருவில் இறந்து கிடப்பவர்களுக்கு. எந்த நாயகனின் நுழைவுக்கும் கிடைக்காத பக்கம், பேர் தெரியாதவர்களின் பிணங்களுக்குக் கிடைக்கிறது. அங்கே ஒருவர்கூடப் பேசுவதில்லை. நீங்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்களோ அவ்வளவு நேரம் அந்தப் பக்கம் நிற்கும். கண்ணை எடுக்கும் பொறுப்பும் உங்களுடையது.

162 நிமிடத் திரையரங்குப் பதிப்பில் அந்த இரண்டு பெர்னார்டுகளும் அணைத்துக்கொள்வது வருகிறது. ஆனால் அவர்கள் யார் என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. பிறகு நீல ஒளி, சரியும் கட்டடங்கள், ஒரு பெரும் பள்ளம். 215 நிமிட ‘அல்டிமேட் கட்’ பதிப்பில் கடற்கொள்ளையர் கதையையும் ஸ்டாலையும் ஸ்னைடர் கொஞ்சம் திருப்பிச் சேர்த்தார். படம் பார்க்க விருப்பமுள்ளவர்கள் அதைத் தேடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதிலும் லாங் தெருவில் இறங்கிப் போகும் அந்தக் காட்சி கிடைக்காது. 2019-இல் டேமன் லிண்டலாஃப் எடுத்த ஒன்பது பகுதித் தொடர் இந்தக் கதையை மறுபடி சொல்லாமல், 1921 டல்சா படுகொலையிலிருந்து வேறொரு கதையைக் கிளப்பியது. புத்தகத்தின் மனசுக்கு அது ஸ்னைடர் படத்தைவிட நெருக்கம் என்பது என் கணிப்பு. ஒரு கட்டத்தையும் நகலெடுக்காமலேயே அதைச் சாதித்தார்கள்.

புத்தகம் ஆங்கிலத்தில், விலையும் அதிகம். நாலைந்து பேர் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்குங்கள். என்னிடம் உள்ளதையும் தருகிறேன். முதல் மூன்று அத்தியாயம் மெதுவாகத்தான் போகும். 4-ஆம் அத்தியாயத்தில் மன்ஹாட்டன் செவ்வாயில் ஒரு பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு காலம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது, முந்தைய பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டே படியுங்கள். திரும்பித் திரும்பிப் போக வேண்டியிருக்கும். 5-ஆம் அத்தியாயத்தை நடுப்பக்கத்திலிருந்து இரண்டு பக்கமும் விரித்து ஒப்பிட்டுப் பாருங்கள், கண்ணாடிப் பிம்பம் மாதிரி அமைத்திருப்பார்கள். அத்தியாயக் கடைசியில் வரும் உரைநடைப் பகுதிகளையும் கடற்கொள்ளையர் கதையையும் போர் அடிக்கிறது என்று தாண்டிவிடாதீர்கள். தெருமுனை வரும் ஒவ்வொரு கட்டத்திலும் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பென்சிலால் லேசாகக் குறித்துக்கொண்டே வாருங்கள், என் பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்